ஒளிப்படத்தில் நிலமும் பொழுதும்

நம் துறை அலமாரியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்களோடு சென்ற சுற்றுலாக்களிலும், வகுப்பு முடிந்த மாலைகளில் குளக்கரை, ஆற்றங்கரை எனக் காலாற நடந்த நாட்களிலும் நாம் எடுத்த ஒளிப்படங்கள் அதில் அடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை படச்சுருள் காலத்தவை. ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படங்கள். அவற்றைக் கழுவி அச்சிட்டு வாங்குவதற்குள் சம்பள நாள் வந்துவிடும். அக்காலத்தில் அவற்றை நாம் அழகுக்காகவும் நினைவுக்காகவுமே எடுத்தோம். வேறு எதற்கும் அவை பயன்படும் என்று எண்ணியதில்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குப் பின்னர் அண்டைச் சிற்றூர்ப் பெரியவர் ஒருவர் துறைக்கு வந்தார். அவ்வூர்க் குளம் நிறைந்தபோது உபரிநீர் வழக்கமான மறுகால் ஓடை வழியே செல்ல இயலாமல் குடியிருப்புகளுக்குள் புகுந்ததாம். ஓடை இருந்த இடம் மேடாக்கப்பட்டுவிட்டது. அங்கே ஓடையே இருந்ததில்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்களாம். ‘நீங்கள் அந்தக் காலத்தில் பிள்ளைகளோடு வந்து கூட்டாஞ்சோறு ஆக்கினீர்களே, அப்போது படம் பிடித்தீர்களே’ என்று கேட்டார்.

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். படம் கிடைத்தது. கரைமேல் மாணவர்கள் வரிசையாக நிற்கின்றனர். பின்னே நீர் தளும்பும் குளம். வலப்பக்கத்தில் மறுகாலும் அதிலிருந்து இறங்கும் ஓடையும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ‘தம்பி, ஓடை இருக்கிறது. எந்த ஊர்க் குளம், எந்த வருடம் என்பது இல்லையே’ என்றார். அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அக்குளத்துக்கு நாம் சென்றிருக்கிறோம். இப்படம் எந்த ஆண்டினது என்பதை உறுதியாகச் சொல்ல நம்மால் இயலவில்லை. படத்தைக் கொண்டுசென்ற இடத்திலும் அதே கேள்வியே எழுந்தது எனப் பின்னர் அறிந்தோம்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இத்தவறு நேர்ந்திருக்கக் கூடாது. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையும் இணைத்தே முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. நிலத்தை மட்டும் சொல்லிப் பொழுதைச் சொல்லாமல் விடுவது நம் மரபில் இல்லை. குறிஞ்சி என்றால் யாமம், முல்லை என்றால் மாலை, மருதம் என்றால் வைகறையும் விடியலும் என ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். ஆயினும் கையில் படக்கருவி வந்தபோது நிலத்தைப் பிடித்தோம்; பொழுதை நழுவவிட்டோம். இயற்கைக் காட்சிகளைப் படம்பிடிக்கும் கலையை, இவ்விரண்டையும் சேர்த்துக் காணும் கண்ணோடு விளக்க முற்படுவதே இக்கட்டுரை.

ஒளியின் வரலாற்றில் சில ஏடுகள்

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மக்கள் ‘புகைப்படம்’ என்கின்றனர். இதழ்கள் ‘நிழற்படம்’ என்றும் எழுதின. புகைக்கும் இதற்கும் உறவில்லை. நிழலும் ஒளியின் இன்மையே அன்றி வேறில்லை. ஒளியால் எழுதப்படுவது என்னும் மூலப்பொருளுக்கு ஒத்து வருவது ‘ஒளிப்படம்’ என்பதே. மற்றவற்றைப் பிழையென்று கடிவது நம் நோக்கமன்று, வழக்கு வலியது.

ஒளி பற்றிய ஆராய்ச்சியில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்னும் அறிஞருக்குத் தனியிடம் உண்டு. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூல், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று நிறுவியது. கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் சூரியனின் ஒளி பிறை வடிவம் கொள்வது ஏன் என்றும் தனியே ஆராய்ந்து எழுதினார். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கல்லூரி வளாகத்து வேப்பமர நிழலில் நண்பகலில் நின்று பாருங்கள். தரையில் வட்ட வட்டமாகக் கிடக்கும் ஒளிப்பொட்டுகள் இலை இடுக்குகளின் வடிவத்தில் இல்லை. ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது அவ்வட்டங்கள் பிறைகளாக மாறியதைத் தமிழகத்தில் பலரும் கண்டனர். மரமே அன்று படக்கருவி ஆயிற்று.

அவ்வுருவத்தை நிலைநிறுத்த மனிதனுக்கு மேலும் எண்ணூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய ஒளிக்கருவிப் படம், பிரான்சு நாட்டில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் எடுத்தது. அது ஒரு நிலக்காட்சி என்பது குறிப்பிடத்தக்கது. பெருமலையையோ அருவியையோ அவர் தேடிச் செல்லவில்லை. தம் வீட்டு மாடிச் சன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளையும் மரத்தையும் தகடு ஒன்றில் பதித்தார். ஒளிபட வைத்த நேரம் எட்டு மணி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பல நாட்கள் ஆகியிருக்கலாம் என்பது பின்னாளைய ஆய்வாளர் கருத்து. எவ்வாறாயினும், கதிரவன் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் வரை தகடு திறந்தே இருந்தமையால், முற்றத்தின் இருபுறச் சுவர்களிலும் வெயில் அடிப்பதாக அப்படத்தில் காண்கிறோம். காலையும் மாலையும் ஒன்றாகக் கலந்துவிட்ட படம் அது. நிலம் உண்டு, பொழுது இல்லை. அதன்பின் வந்த ஒளிப்பட வரலாறு முழுவதையும் அந்தப் பொழுதைப் பிடிக்க நடந்த முயற்சி என்றே நாம் கருதுகிறோம்.

தமிழகத்திலும் அம்முயற்சி விரைவில் தொடங்கிவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களைப் படம்பிடித்தார். மதுரைக்கு அண்மையில் உள்ள யானைமலையும் அவற்றுள் ஒன்று. அக்கால வேதிப்பொருள்கள் நீல நிறத்துக்கு மிகுதியாக மயங்கியமையால் வானம் வெறும் வெள்ளையாகப் பதியும். அதனைப் பொறாத டிரைப், எதிர்மறைப் பிரதிகளின் மேல் தம் கையாலேயே முகில்களைத் தீட்டிச் சேர்த்தார். கோடைக்கால மதுரையில் கார்முகில் கண்டால் யாரும் ஏமாற வேண்டா! இருப்பினும் அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 1855-இல் பர்மாவில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றுக்கும் எண், இடம், மாதம், சிறு விளக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படங்கள் பேசுகின்றன. நம் அட்டைப்பெட்டிப் படங்களோ ஒரு தலைமுறைக்குள்ளேயே ஊமையாயின.

பொருநையின் வழியே

ஐவகை நிலத்தையும் ஒரே நாளில் காணத்தக்க நிலப்பகுதிகள் தமிழகத்தில் மிகச் சில. தாமிரபரணிப் படுகை அவற்றுள் ஒன்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இவ்வாற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். இதனை ஒட்டி நாம் பலமுறை மாணவர்களோடு பயணம் செய்திருக்கிறோம். ஒளியைப் பற்றி நூல்களில் படித்ததைவிட இவ்வழியில் கற்றதே மிகுதி.

மேலைநாட்டு நூல்கள் எல்லாம் உதயத்துக்குப் பின்னும் அத்தமனத்துக்கு முன்னும் ஒரு மணி நேரம் பொன்னொளி கிடைக்கும் என்று கூறும். கதிரவன் தாழ்ந்திருக்கையில் அதன் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகிறது. வழியில் நீலக்கதிர்கள் சிதறிப்போக, செம்மையும் மஞ்சளும் எஞ்சி வந்து சேர்கின்றன. இக்காரணம் எந்நாட்டுக்கும் பொது. ஆனால் நேரக்கணக்கு பொதுவன்று. வடநாடுகளில் கதிரவன் சாய்வாக ஏறுகிறது. நம் நாட்டிலோ ஏறத்தாழ நெட்டுக்குத்தாக, மணிக்குப் பதினைந்து பாகை அளவில் மேலே செல்கிறது. ஆகவே பொன்னொளி இங்கே அரைமணிக்கு மேல் நில்லாது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதியிலும் நெல்லைப் பகுதியில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. நட்டுவைத்த கம்பின் நிழலும் காணாமற் போகும். நிழல் இல்லையேல் மேடுபள்ளம் இல்லை. மேடுபள்ளம் இல்லையேல் படத்தில் நிலம் தட்டையாகிவிடும். சுற்றுலாப் பேருந்து பத்து மணிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டு மணிக்கு அருவியை அடைவதும், அங்கே எடுத்த படங்கள் சோபையற்றுப் போவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

மலையிலிருந்து தொடங்குவோம். பொதிகைத் தொடரின் நம் பக்கத்து முகம் கிழக்கு நோக்கியது. விடியற்கதிர் நேரே அதன்மேல் விழுவதால் மடிப்பும் பள்ளமும் தனித்தனியே தெரியும். மாலையில் அதே மலை கருமையான ஒரு விளிம்புக்கோடு மட்டுமே. மலையின் உருவம் வேண்டுவோர் காலையிலும், மலையின் வடிவக்கோடு வேண்டுவோர் மாலையிலும் செல்க. இன்னொரு நுட்பமும் உண்டு. பாபநாசம், களக்காடு போன்ற அடிவார ஊர்களில் பஞ்சாங்கம் கூறும் அத்தமன நேரத்துக்கு வெகு முன்னரே சூரியன் மலைக்குப் பின் மறைந்துவிடும். இதனை அறியாமல் ஆறு மணிக்கு ஒளி வருமென்று காத்திருந்து, ஐந்து மணிக்கே மலைநிழலில் மூழ்கிப்போன அனுபவம் நமக்குண்டு. அடிவாரப் புல்வெளிகளில் மாடுகள் வீடு திரும்பும் வேளை அதற்குச் சற்று முந்தியது. அவற்றின் குளம்பு எழுப்பும் புழுதியில் எதிர்வெயில் பட்டு ஒளிரும் காட்சியைக் கண்டபின், முல்லைக்கு மாலையை உரிமையாக்கியவன் வீட்டுக்குள் அமர்ந்து இலக்கணம் எழுதியவன் அல்லன் என்று தோன்றியது.

மருதத்துக்கு வருவோம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் கார், பிசானம் என இரு போகங்கள். நடவுக்கு முன் நீர் நிறுத்திய வயல் கண்ணாடியைப் போன்றது. வானும் மலையும் தலைகீழாக அதில் நிற்கும். நட்டபின் பச்சை, கதிர் முற்றியபின் பொன். ஒரே வரப்பில் நின்று ஓராண்டுக்குள் ஐந்தாறு வேறு நிலங்களைப் படமாக்கலாம். ஆனால் காற்று எழுவதற்கு முன் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். நீர்ப்பரப்பு கலங்கினால் கண்ணாடி உடைந்தது போலத்தான். மருதத்துக்கு வைகறையும் விடியலும் என்னும் வரையறை இங்கே படக்கருவிக்கும் அப்படியே பொருந்துகிறது.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுகளைப் பாலை என்று கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்னும் இலக்கணக் கருத்தைச் சுட்டி இதனை மறுப்பாரும் உளர். அவ்வழக்கை வகுப்பறையில் தீர்த்துக்கொள்வோம். இரும்புத்தாது படிந்த செம்மணல், காற்றால் குவிந்து நகர்ந்து மேடுகளாக நிற்கும் நிலம் தேரி. இங்கே படக்கருவி ஒரு தவறு செய்யும். படம் முழுவதும் செம்மை நிறைந்திருப்பதைக் கண்டதும், ஒளியில்தான் ஏதோ நிறக்கோளாறு என்று கருதித் தானாகவே அச்செம்மையைக் குறைத்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேரி சாதாரணப் புழுதிமேடாகத் தெரியும். நிறச் சமன்பாட்டைக் கருவியின் போக்கில் விடாமல், ‘வெயில்’ என்னும் நிலையில் நிறுத்திக்கொண்டால் மணல் தன் நிறத்தோடு வரும்.

இத்தவற்றின் உடன்பிறப்பைத் தூத்துக்குடி உப்பளங்களில் சந்திக்கலாம். கருவியினுள் இருக்கும் ஒளியளவி, தான் காணும் காட்சி எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே எண்ணிக் கணக்கிடுகிறது. அதனால் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல் சாம்பற் குவியலாக மாறிவிடுகிறது. வெண்மை நிறைந்த காட்சிக்கு ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூடுதலாக ஒளி தர வேண்டும். கைப்பேசியாயின் திரையைத் தொட்டு வெளிச்சத்தை மேலேற்ற வேண்டும். கருமை நிறைந்த காட்சிக்கு இதற்கு மாறு. கருவியின் அறியாமையை அறிந்து திருத்துவதே படம் எடுப்பவரின் முதல் வேலை. விலையுயர்ந்த கருவி இவ்வேலையை அவருக்காகச் செய்துவிடுவதில்லை.

நெய்தலில் ஒரு வியப்பு. கடற்கரைக்குச் செல்வோர் எல்லாரும் உதயத்தைப் படமெடுக்கவே விரும்புகின்றனர். நெய்தலுக்கு உரிய சிறுபொழுதோ எற்பாடு. பொழுது சாயும் பிற்பகல் என்று அதற்குப் பொருள் கொள்வதே பெருவழக்கு. கிழக்குக் கடற்கரையில் காலை வேளையில் கடலை நோக்கினால் சூரியன் எதிரே நிற்கும். படகும் ஆளும் கருநிழலாகவே பதிவர். பிற்பகலில் அதே சூரியன் நம் முதுகுக்குப் பின்னே போய்விடும். அப்போது கடலின் நீலமும் படகின் வண்ணமும் வலை உலர்த்துவோர் முகத்துச் சுருக்கமும் முழுமையாகத் தெரியும். காயல்பட்டினக் கரையில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் இதனை ஒப்புவார்கள்.

அண்மையும் கண்ணியமும்

ஆற்றோடு இவ்வளவு தூரம் சென்றபோதிலும், நல்ல படத்துக்குத் தொலைப்பயணம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையை எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயானைகளைக் கருப்பு வெள்ளையில் படமாக்கியவர். பத்மஸ்ரீ பெற்ற அவரே வீட்டுப் புறத்தில் திரியும் அணிலையும் காகத்தையும் கூர்ந்து கண்டு எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் 1950 முதல் இறுதி வரை அவருடைய பத்தி வெளிவந்தது. நியெப்ஸுக்கு மாடிச் சன்னல் போதுமாயிற்று. நமக்கு நாள்தோறும் கடக்கும் கால்வாய்ப் பாலம் ஏன் போதாது? ஒருமுறை சென்ற மலையை அதன் அன்றைய முகத்தில் மட்டுமே காண்கிறோம். நாள்தோறும் காணும் குளத்தையோ அதன் எல்லாப் பொழுதுகளிலும் அறிகிறோம். மழை பெய்து ஓய்ந்த மறுநாட்காலையில், தூசு கழுவப்பட்ட காற்றின் ஊடே, பாளையங்கோட்டைத் தெருமுனையிலிருந்தே மேற்கு மலைத்தொடர் தெளிந்து தெரியும். அது ஆண்டில் சில நாட்களே கிட்டும் காட்சி. உள்ளூரில் இருப்பவருக்கு மட்டுமே உரியது.

படம் எடுக்கும் உரிமை பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நிலக்காட்சி என்று நாம் எடுக்கும் ஆற்றங்கரையில் பெண்கள் நீராடும் படித்துறைகள் உள்ளன. காட்சி எத்துணை அழகாயினும் அப்பக்கம் கருவியைத் திருப்புதல் தகாது. உப்பளத்திலும் வயலிலும் உழைப்போரைக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். கேட்டால் மறுப்பவர் சிலரே. எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுவதும், இயன்றால் ஒரு பிரதி கொடுப்பதும் நம் துறையின் வழக்கம். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில் வனத்துறையின் இசைவின்றி நுழைவது படத்துக்காகவும் கூடாது.

பறவைகளிடமும் இக்கண்ணியம் வேண்டும். நாங்குநேரி அருகே உள்ள கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுப் புழக்கடை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அவ்வூர் மக்கள் அவற்றுக்காக வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். 1994-இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகு முன்பிருந்தே பறவைகளைக் காத்தவர்கள் அவர்கள். அத்தகைய ஊருக்குச் செல்லும் நாம், இன்னும் சற்று நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும் என்று கூட்டின் அருகே போவது எவ்வளவு பெரிய இழிவு! தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் குஞ்சுகள் வெயிலில் வாடும். காகம் முட்டையைக் கவரும். நம் குழுவில் சென்ற மாணவர் ஒருவரை ஊர்ச் சிறுமி ஒருத்தி, ‘அண்ணா, பின்னால போங்க, அது பயப்படுது’ என்று தடுத்தாள். அன்றைய பாடத்தை நடத்தியவள் அவள்தான்.

பின்பக்கக் குறிப்பு

நம் பிழைக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றைப் பின்னர் அறிந்தோம். அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக் கலையின் பேராசான் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரைக் கடக்கும்போது, பனிமலைக்கு மேலே நிலவு எழுந்திருப்பதையும், மறையும் கதிரவனின் ஒளி கல்லறைச் சிலுவைகள்மேல் பட்டு மின்னுவதையும் கண்டு வண்டியை நிறுத்தினார். அவசரத்தில் ஒளியளவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு இத்தனை என்று தாம் கற்றிருந்ததை நினைவுகூர்ந்து, அதைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். மறுபடமெடுக்கத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து ஒளி போய்விட்டது. உலகப்புகழ் பெற்ற அப்படத்துக்கு அவர் தேதி குறிக்கவில்லை! வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு ஆண்டுகளைக் கூறிவந்தார். முடிவில் வானியல் அறிந்தோர், படத்தில் நிலவும் மலையும் நிற்கும் நிலையை வைத்துக் கணித்து, 1941 நவம்பர் 1 மாலை 4.49 மணி என்று 1991-இல் நிறுவினர். வானத்து நிலவே அவருக்குச் சாட்சி சொல்லிற்று. நம் குளத்துப் படத்தில் நிலவு இல்லை, பகல் வேளை.

இன்று கைப்பேசி படத்துக்குள்ளேயே நாளையும் நேரத்தையும், அனுமதித்தால் இடத்தையும் பதிந்துகொள்கிறது. ஆகவே கவலையில்லை என்று மாணவர்கள் கூறுவர். அப்படத்தை வாட்ஸ்அப் வழியே வழக்கம்போல் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேரும் படத்தில் அக்குறிப்புகள் இரா. ஆவணக் கோப்பாக அனுப்பினால்தான் அவை உடன் செல்லும். இவ்வாறு ஆயிரக்கணக்கான படங்கள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. எந்தக் குளம், எந்த மழை என்று யாருக்கும் தெரியாது. ஓராண்டு வெள்ளத்தின் படம் மற்றோராண்டு வெள்ளத்தின் படமாக வலம் வருவதும் இதனால்தான். அச்சுப் படத்தின் வெறும் பின்பக்கம் இப்போது கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது என்க.

அப்பெரியவர் வந்துபோன பின்னர் துறையில் ஒரு வழக்கம் தொடங்கினோம். ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் சுருங்குவதை அறிய 1880-களின் இறுதியில் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் என்னும் செருமானியக் கணித அறிஞர் கையாண்ட முறை அது. குறித்த ஓரிடத்தில் நின்று, குறித்த ஒரு திசையை, காலம் விட்டுக் காலம் படமெடுப்பது. நாம் தேர்ந்தது அதே குளம். மேல்கரையில் பழைய மடைக்கல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் படக்கருவியை வைத்தால் கோணம் மாறாது. எப்போதும் அகன்ற காட்சியே; முன்புறத்தில் நிற்கும் பனையும் படத்தில் விழ வேண்டும், அது அளவுகோல். தொடுவானம் சாயக் கூடாது. அழகு குறைந்தாலும் தாழ்வில்லை. மாதம் ஒருமுறை இரண்டு மாணவர்கள் விடியலில் மிதிவண்டியில் சென்று எடுத்து வருகின்றனர். கைப்பேசியில் எடுத்தாலும் அச்சிட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி, பழைய அட்டைப்பெட்டியில் சேர்க்கிறோம். பேனா மை நாளடைவில் மறுபக்கம் ஊறும், பென்சில் ஊறாது.

பழைய படத்தின் பின்பக்கத்திலும் இப்போது எழுதியிருக்கிறோம்: ஊர், குளம், ‘இம்மூன்று ஆண்டுகளுள் ஒன்று’ என்னும் குறிப்பு. அதற்குமேல் எழுத நம்மிடம் உண்மை இல்லை. படத்தில் நிற்கும் அன்றைய மாணவர்கள் எவரேனும் இம்மலரைக் காண நேர்ந்தால், அந்தக் கூட்டாஞ்சோறு எந்த ஆண்டில் என்பதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். பெரியவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சென்ற கார்த்திகையில் வந்த படத்தின் பின்னே மாணவர் ஒருவர் எழுதியிருந்தது இது: ‘மேல்கரை மடைக்கல்லிலிருந்து கிழக்கு நோக்கி. காலை 6.40. முந்தின இரவு மழை. நீர் மறுகால் மட்டத்துக்கு இரண்டு படி கீழே. ஓடை இருந்த இடத்தில் நீர் தேங்கி நிற்கிறது.’